வளவுக் கேணிக்கு ஒரு வடிகட்டி

நீர்நிலையைத் தம் பெயரிலேயே தாங்கிய ஊர்கள் திருகோணமலை மாவட்டத்தில் பல. ஆலங்கேணி என்றும் குறிஞ்சாக்கேணி என்றும் சொல்லும்போதே, மரமும் கொடியும் சூழ்ந்த ஒரு கேணி மனக்கண்ணில் தோன்றிவிடுகிறது. ஆல் மரம் யாவரும் அறிந்தது. குறிஞ்சாவோ வேலியிற் படரும் கொடி. அதன் இலையைத் தேங்காய்ப்பூவுடன் சேர்த்து வறை செய்து உண்போர் எங்கள் பகுதியில் இன்றும் உளர். இத்தகைய ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு வீட்டு வளவில் ஒரு சிறு கேணி வைத்து மீன் வளர்க்க வேண்டும் என்ற ஆசை எழுந்ததில் வியப்பொன்றுமில்லை.

ஆயினும், நீர் எங்களுக்குத் தந்தது இன்பம் மட்டுமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்து கிண்ணியாவின் கரையோரக் குடும்பங்களை அழித்துச் சென்றது. கிணறுகளை உப்பாக்கிவிட்டுப் போயிற்று. 2017 மார்ச்சில் டெங்குக் காய்ச்சல் கிண்ணியாவை வாட்டியது. பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. பல வீடுகளில் ஒப்பாரி கேட்டது. 2021 நவம்பர் 23 ஆம் திகதி, புதிய பாலம் அமைப்பதற்காகப் பழைய வழி அடைக்கப்பட்டிருந்த வேளையில், குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைச் சிறார் உட்படப் பல உயிர்கள் போயின. இவ்வளவும் கண்ட ஓர் ஊரில், “எங்கள் வளவில் ஒரு கேணி இருக்கிறது” என்று ஒருவன் சொன்னால், கேட்பவர் முகம் சுளிப்பது இயல்பே.

எங்கள் கேணி பெரியதன்று. நீளம் 6 அடி, அகலம் 4 அடி, ஆழம் 2 அடி, சீமெந்தாற் கட்டியது. கன அடி ஒன்றுக்கு ஏறத்தாழ 28 லீற்றர் என்று கணக்கிட்டால், சுமார் 1,350 லீற்றர் நீர் கொள்ளும். அதில் சில கெண்டைகளும், எண்ணிக்கைக்கு அடங்காத கப்பி மீன்களும் இருந்தன. மழைக்காலத்தில் கவலையில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள வறட்சியில் கிணற்று நீர் தாழும்போது, நாலு நாளைக்கு ஒருமுறை பாதி நீரை இறைத்துவிட்டுப் புதுநீர் விடுவது பெரும்பாடு. குடிக்கவும் குளிக்கவும் நீரை அளந்து செலவிடும் வீட்டில், மீனுக்கென்று வாளி வாளியாக வார்ப்பது நீதியாகவும் தோன்றவில்லை.

அந்த 2017 ஆம் ஆண்டில், அடுத்த வளவிலிருக்கும் ராத்தா ஒருவர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய பேரப்பிள்ளை டெங்குக் காய்ச்சலால் வைத்தியசாலையிற் பல நாள் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் மீண்டு வந்திருந்தான். “தம்பி, உங்களிட மீனில எனக்குக் கோபமில்ல. இந்தத் தண்ணியப் பார்த்தா நெஞ்சு பதறுது. மண்ணப் போட்டு மூடிடுங்க” என்றார். அவர் கெஞ்சவுமில்லை, அதட்டவுமில்லை. அந்தக் குரலிலிருந்த களைப்பே என்னைக் கலக்கியது. அவ்வாண்டு இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயினரெனப் பதிவானார்கள்; நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பெருங்கணக்கில் ஒரு சிறு எண்ணாக அவருடைய பேரனும் இருந்தான்.

மூடுவதா, வைத்திருப்பதா? வைத்திருப்பதாயின், அந்த நீரால் எவர் வீட்டுக்கும் தீங்கு வராது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடிய நிலை வேண்டும். ராத்தாவிடம் இரண்டு மாதத் தவணை கேட்டேன். “மீன் குறையாமலும் நீர் அசையாமலும் நிற்கும் நாள் வந்தால் நானே மூடிவிடுகிறேன்” என்று சொன்னேன். அசையாத நீர் கூடாது என்று சொல்லவந்து நான் நாக்குழறியதை அவர் புரிந்துகொண்டு, முதன்முறையாகச் சிரித்தார்.

டெங்கைப் பரப்பும் நுளம்புக்கு வேண்டியது சிறு கலங்களில் அசையாது கிடக்கும் நீர். எறிந்த சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியனவே அதன் தொட்டில்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் ஈரச் சுவரில் அது முட்டையிடும். முட்டை உலர்ந்தாலும் பல மாதங்கள் சாகாது. நீர் மறுபடி தொட்டதும் பொரிக்கும். எங்கள் வெப்பத்தில் முட்டை நுளம்பாக ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் போதும். மீன் நிறைந்த நீரில் அந்தக் குடம்பிகள் தப்புவது அரிது. ஆனால், மீன் உயிரோடிருந்தாலன்றோ இந்தக் காவல்? நீர் கெட்டு மீன் செத்தால், காவற்காரன் இல்லாத தொட்டிலாகிவிடும் கேணி. ஆகவே, டெங்குக்கு அஞ்சுகிறவனும் மீன் வளர்க்கிறவனும் வந்து சேரும் இடம் ஒன்றே: நீர் கெடாமலிருக்க வேண்டும்.

நீர் ஏன் கெடுகிறது? மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுளின் வழியே வெளியேற்றுகிறது. தின்னாத உணவும் உதிர்ந்த இலையும் அழுகி மேலும் அமோனியாவைத் தருகின்றன. கண்ணுக்குப் பளிங்குபோலத் தெரியும் நீரிலும் இந்த நஞ்சு இருக்கக்கூடும். தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வித்தையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அது மண்ணைப் படியவைக்கும், அமோனியாவை நீக்காது. மீனுக்கு வேண்டியது தெளிவுக்கும் அப்பாற்பட்ட ஒரு தூய்மை.

அந்தத் தூய்மையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். 1877 இல் பிரான்சிய அறிஞர்களான ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகிய இருவரும், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல ஒழுகவிட்டனர். முதல் இருபது நாளும் உள்ளே போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. பின்னர் அது குறைந்து, நைத்திரேற்று வரத் தொடங்கியது. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுவிட்டது. உயிர்ப்பொருளை மயக்கும் ஆவி அதை நிறுத்தியதால், வேலை செய்தது உயிரே என்று உலகம் அறிந்தது. ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு; இறுதியானது பயிருக்கு உரம்.

மணல் வடிகட்டியின் பெருமையை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஒன்றையும் நேயர்கள் அறிந்திருத்தல் நலம். 1829 இல் இலண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்சன் என்ற பொறியியலாளர் பெருநகர்க் குடிநீருக்கு மணல் வடிகட்டி அமைத்தார். பின்னர் 1892 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி பரவி 8,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதனை ஒட்டியிருந்த அல்டோனா நகரமும் அதே எல்பே ஆற்று நீரையே எடுத்தது; ஆயினும் மணலில் வடித்துக் கொடுத்ததால் பெரும்பாலும் தப்பியது. நம் நாட்டிலும் இந்த அறிவு புதிதன்று. வறண்ட வலயத்துப் பழைய குளங்களுக்கு மேற்புறத்தில் மரச்சோலையும், அதற்குக் கீழே புற்றரையும் விட்டுவைத்தார்கள். புற்றரைக்குச் சிங்களத்தில் ‘பெரஹன’ என்று பெயர். வடிகட்டி என்பதே அதன் பொருள். வெள்ளம் கொணரும் மண்ணை அது தடுத்துக் குளத்தைக் காத்தது.

இனி, நான் அமைத்த வடிகட்டியைச் சொல்கிறேன். கொழும்பில் விற்கும் ஆயத்த வடிகட்டியின் விலை ஓய்வூதியக்காரனுக்கு எட்டாதது. ஆகையால் 200 லீற்றர் கொள்ளும் நீலப் பிளாத்திக்குப் பீப்பா ஒன்றை வாங்கினேன். உணவுப்பொருள் வந்த பீப்பாவாக இருத்தல் வேண்டும். இரசாயனம் வந்தது எத்துணை கழுவினும் ஆகாது. கேணியின் விளிம்பை விட உயரமாக, கல்லடுக்கி அதன்மேல் நிறுத்தினேன். கேணியின் அடியில் ஒரு சிறு நீர்மோட்டார். அது நீரை முக்கால் அங்குலக் குழாய் வழியே பீப்பாவின் அடிக்குக் கொண்டுசெல்லும். நீர் அடியிலிருந்து மேலெழுந்து, மேலேயுள்ள இரண்டு அங்குலக் குழாய் வழியே கேணிக்குள் திரும்ப விழும். வெளிவழி உள்வழியை விட அகன்றிருத்தல் மிக முக்கியம். இல்லையேல் பீப்பா நிரம்பி வழிந்து, விடிவதற்குள் கேணி வற்றிவிடும். அடியில் அழுக்கை வெளியேற்ற ஓர் அங்குலத் திருகுகுழாய்.

பீப்பாவின் அடியில் ஒரு சாண் அளவு வெற்றிடம் விட்டேன். கனத்த அழுக்கு அங்கே படியும். அதன்மேல் துளையிட்ட பலகை. பலகைக்கு மேல் முட்டையளவுக் கருங்கற்கள். அடுத்த அடுக்குத்தான் எங்கள் ஊருக்கே உரியது: மீனவர் கழித்துப்போட்ட நைலோன் வலை. அதை நன்கு அவித்துக் கழுவி, உப்பும் நாற்றமும் போக வெயிலில் உலர்த்தி, சுருட்டி அடைத்தேன். நுண்ணுயிர் ஒட்டி வாழ்வதற்கு வேண்டியது பரப்பு. வலையின் ஒவ்வொரு நூலும் அதற்கு ஒரு குடியிருப்பு. வலைக்கு மேல் கொட்டியாரக் குடாக் கரையிற் பொறுக்கிய சிப்பியும் மட்டியும். அமோனியாவை மாற்றும் வேலை நீரிலுள்ள காரத்தன்மையைச் சிறுகச் சிறுகத் தின்றுவிடும். சுண்ணாம்புச் சிப்பி கரைந்து அதனை ஈடுசெய்யும். உச்சியில் ஒரு பையிற் கட்டிய சிரட்டைக்கரி. கரி நிறத்தையும் மணத்தையும் பற்றும். சில வாரத்தில் நிறைந்துவிடும். மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். உயிர் காப்பது கரியன்று, வலையில் வாழும் நுண்ணுயிரே.

“மகாவலி மணல் இவ்வளவு கிட்டக் கிடக்க, ஏன் மணல் போடவில்லை?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். குடிநீருக்கு நுண்மணல் சிறந்தது. அங்கே வரும் நீர் மெல்ல ஒழுகும், அழுக்கும் குறைவு. மீன் கேணியிலோ மணல் சில நாளில் அடைத்துக்கொள்ளும். அடைத்த மணலுக்குள் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் நல்ல நுண்ணுயிர் மடிந்து, துர்நாற்றம் பிறக்கும்.

கேணி நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வடிகட்டியினூடாகச் சுற்றவேண்டும் என்பது பொதுவிதி. எங்கள் மோட்டாரின் பெட்டியில் மணிக்கு 1,500 லீற்றர் என்று எழுதியிருந்தது. நீரை உயர ஏற்ற ஏற்ற அந்த அளவு குறையும் என்பதை வாங்குவோர் மறக்கலாகாது. அது 25 உவாற்று. நாள் முழுதும் ஓடினால் 0.6 அலகு, மாதத்துக்கு 18 அலகு மின்சாரம். தானாகத் துண்டிக்கும் ஆளி இல்லாத வீட்டில் நீருக்குள் மோட்டாரை இறக்கற்க. மேலிருந்து திரும்ப விழும் நீர் காற்றை இழுத்துக்கொண்டு விழுவதால், மீனுக்கும் நுண்ணுயிருக்கும் மூச்சு கிடைக்கிறது. வெப்பமான நீர் தன்னுள் வைத்திருக்கும் ஒட்சிசன் குறைவு; 30 பாகை வெப்பத்தில் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் அளவே தங்கும். மீன் விடியற்காலையில் மேலே வந்து வாய் திறப்பதற்குக் காரணம் அதுவே.

வடிகட்டி பொருத்திய அன்றே பலன் வேண்டுவோர் பொறுமை கற்கவேண்டும். குடியேறும் நுண்ணுயிர் பெருக நாலு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை மீன் சிலவற்றையே விட்டு, இரை குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நீர் மாற்றிவந்தேன். குழாய் நீரைச் சேர்ப்பதாயின் ஒரு நாள் மூடிய வலையுடன் வாளியில் வைத்திருந்து குளோரீன் போனபின் சேர்க்கவேண்டும். ஐந்தாம் வாரத்தில் கெண்டைகள் உற்சாகமாக ஓடின. பச்சைநிறப் பாசி மட்டும் போகவில்லை. அது வடிகட்டியாற் போவதுமன்று. பாதிக் கேணிக்குக் கிடுகு வேய்ந்து நிழல் செய்தேன். வெயில் குறைந்ததும் பச்சை அடங்கியது.

தவணை முடிந்த அன்று ராத்தா வந்தார். அதே வாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும் வீடு வீடாக வந்திருந்தார். வெள்ளை அகப்பையால் கேணியின் நான்கு மூலையிலும் நீரை மொண்டு, கைவிளக்கால் பார்த்தார். ஒரு குடம்பியும் இல்லை. பீப்பாவின் மூடியைத் திறந்து, அதன்மேல் இட்டிருந்த நுண்வலையையும் பார்த்தார். “மீன் இருக்கிற தண்ணி பரவாயில்ல சேர். வீதியோரத்துல கிடக்கிற டயரத்தான் முதல்ல அகற்றணும்” என்றார். ராத்தா ஒன்றும் பேசவில்லை. போகும்போது மட்டும், “மாரி தொடங்கினா நான் வந்து பார்ப்பன்” என்றார்.

சொன்னபடியே ஒவ்வோர் ஆண்டும் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வருகிறார். கைவிளக்குடன் மூலை மூலையாகப் பார்க்கிறார். செடி அடர்ந்த இடத்தில் மீன் புகமுடியாது என்று கண்டால், “இதக் கொஞ்சம் கழிச்சி விடுங்க” என்கிறார். நானும் கழித்துவிடுகிறேன். படகுப்பாதைத் துயரம் நேர்ந்த பின்னர், சிறு குழந்தைகள் தவறி விழாதபடி கேணிக்கு மேலே இரும்புச் சட்டமும் கெட்டி வலையும் இடவேண்டும் என்று சொன்னவரும் அவரே. ஒரு வாரத்துக்குள் இட்டோம். இரண்டு அடி நீரும் ஒரு குழந்தைக்கு ஆழந்தான்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வடிகட்டிக்கும் சோதனை வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. ஓட்டம் நின்ற பீப்பாவுக்குள் சில மணி நேரத்தில் மூச்சு முட்டி நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். நல்லவேளையாக, உள்வழிக் குழாயில் ஒரு கிளை விட்டு, அதைப் பீப்பாவுக்கு மேலாக உயர்த்திப் புனல் பொருத்தியிருந்தேன். மோட்டார் வழியை அடைத்துவிட்டு, வாளியால் கேணி நீரை மொண்டு அந்தப் புனலில் ஊற்றினால், அது அடிக்கு இறங்கி, வலையினூடாக ஏறி, மறுபுறம் விழும். மணிக்குப் பத்து வாளி. மகள் ஒரு முறை, நான் ஒரு முறை, ராத்தாவின் பேரன் ஒரு முறை. வைத்தியசாலையிலிருந்து மீண்டுவந்த அதே பையன் அப்போது வளர்ந்து, நிரம்பிய வாளியைத் தனியே தூக்கும் வலிமை பெற்றிருந்தான். அந்த நாட்களில் மீனுக்கு இரையைப் பாதியாகக் குறைத்தோம். இரை குறைந்தால் கழிவும் குறையும். மனிதருக்கே இரை குறைந்திருந்த காலமல்லவா அது!

இத்தகைய வடிகட்டி அமைக்க விரும்பும் அன்பர்களுக்குச் சில சொல். வாரம் ஒருமுறை அடித் திருகுகுழாயைத் திறந்து அழுக்கை விடுக. அந்தக் கரிய நீரை வீணாக்கற்க. வாழைக்கும், கங்குங் என்று சந்தையில் விற்கும் வள்ளைக்கீரைக்கும் அதைவிட நல்ல உரம் இல்லை. வலையையும் கல்லையும் அலசவேண்டிவந்தால், கேணி நீரிலேயே இலேசாக அலசுக. குளோரீன் கலந்த குழாய் நீரில் கழுவினால், ஆறு வாரத்து உழைப்பு ஒரு நிமிடத்தில் அழியும். ஐந்து நிமிடத்தில் தின்று முடியாத இரையை இடவேண்டாம். பீப்பாவின் வாயை நுண்வலையால் மூடுக. கப்பி மீன் தென்னமெரிக்காவின் வடகரைப் பகுதியிலிருந்தும் திரினிடாட் தீவிலிருந்தும் வந்த அந்நியன். பெருகிவிட்டதே என்று அதைக் களப்பிலோ குளத்திலோ கொண்டுபோய் விடவேண்டாம். நம் ஓடைகளில் தலையில் வெள்ளிப் பொட்டுடன் நீர்மட்டத்தில் ஓடும் சிறு மீன்களும் குடம்பியைத் தின்பவையே. அவற்றின் இடத்தை நாம் பறிக்கலாகாது.

எங்கள் கேணி இன்றும் இருக்கிறது. வலைக்கு அடியில் கெண்டை புரளும் ஒலியும், குழாயிலிருந்து நீர் விழும் ஒலியும் இரவில் அடுத்த வளவு வரை கேட்குமாம். “அந்தச் சத்தம் நின்டா எனக்கு முழிப்பு வந்திரும் தம்பி” என்று ராத்தா சொல்கிறார். மின்சாரம் நின்ற இரவுகளில் முதலில் என்னைக் கூப்பிட்டு எழுப்புகிறவர் அவர்தாம்.